ஈயம் கலந்த வெற்றி

1996 செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பாக்கியராசா ஸ்காபரோவில் அன்ரனெற்றின் வீட்டுக்கு வந்தார். வாகன விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு உண்மையைச் சொல்வது அன்ரனெற்றின் தொழில். அவளுடைய கணவனின் தம்பி சீமோன் டாக்ஸி ஓட்டினான். ஓட்டாத நேரமெல்லாம் துப்பறிய அவளோடு கிளம்பிவிடுவான்.

பாக்கியராசா கராஜ் வைத்திருந்தார். ஒஷாவாவுக்கு அப்பால், சனிக்கிழமைகளில் நடக்கும் ஸ்டொக் கார் பந்தயத்தில் அவருடைய காரும் ஓடியது. அங்கே விதிகளை மாற்றலாமா என்று சில மாதங்களாகப் பேச்சு. இதுவரை எல்லோரும் ஓட்டியது பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின். ஊற்றியது ஈயம் கலந்த பந்தயப் பெற்றோல். புதிய விதி வந்தால், யாரும் பிரிக்காதபடி தொழிற்சாலையிலேயே முத்திரையிட்ட சிறிய எஞ்சினும் ஈயமில்லாத பெற்றோலும்தான். பரீட்சைக்காக, பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் பாக்கியராசாவின் கார் மட்டும் புதிய முறையில் ஓடியது. ஓட்டிய பிரியந்தன் முதலாவதாக வந்தான்.

ஆனால் ஓட்டம் முடிந்தபின் தாங்கியிலிருந்து எடுத்த பெற்றோலில் ஈயம் இருந்தது. வெற்றி பறிபோயிற்று. பந்தயத்தை நடத்துபவர்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பிரியந்தனுக்குத் தடை போட்டு, புதிய விதியையும் கைவிடப்போகிறார்கள்.

"அவன் கள்ளம் செய்யிற பெடியன் இல்லை, தங்கச்சி," என்றார் பாக்கியராசா. "சொந்தமா ஓட, பெரிய எஞ்சின் வாங்க அவனாலை ஏலாது. இந்த விதி வந்தாத்தான் அவனுக்கு ஒரு வழி."

அன்று பிற்பகல் அவர்கள் கராஜுக்குப் போனார்கள். பிரியந்தன் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து பஸ் பிடித்து வந்து காத்திருந்தான். நாலு கோடை மற்றவர்களின் கார்களுக்கு டயர் மாற்றிக்கொடுத்தபடி, ஓட்டும் இருக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றவன். தனக்குக் கோப்பை வேண்டாம், திரும்ப ஓட விட்டால் காணும் என்று மட்டும் சொன்னான்.

பாக்கியராசாவின் தங்கை கோணேஸ்வரியும் அங்கே இருந்தாள். முன்பு அந்தக் காரில் ஓடி, இப்போது மூலையில் போர்வை மூடிக் கிடந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பாகம் பாகமாகப் பூட்டி உருவாக்கியவர் அவள் கணவர் தியாகலிங்கம். போன மாரியில் அவர் இறந்துபோனார். ஆனாலும் அவள் ஒரு சனிக்கிழமையும் பந்தயத்தைத் தவறவிட்டதில்லை.

அன்ரனெற் பழைய எஞ்சினின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டாள். வெளிறிய சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்து காரின் புதுக் குழாய்க்குள் விட்டாள், விரல் கரியாயிற்று. துணியில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவதாக வந்த றொன் என்ற வெள்ளைக்காரன்தான் ஊற்றியிருப்பான் என்று சீமோன் அடித்துச் சொன்னான். ஓட்டம் முடிந்ததும் யார் யார் எங்கே நின்றார்கள் என்று அன்ரனெற் விசாரித்தாள். றொன், பிரியந்தன், பாக்கியராசா மூவரும் பரிசு மேடைக்குப் போயிருந்தார்கள். மிஞ்சிய பழைய பந்தயப் பெற்றோல், பாக்கியராசா காரை ஏற்றிவந்த ட்ரெய்லருக்குள் இருந்தது. சோதனை அதிகாரி வரும்வரை காருக்குப் பக்கத்தில் நின்றது கோணேஸ்வரி. ஒருவரும் கிட்ட வரவில்லை என்றாள் அவள்.

பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடி, பிரியந்தனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு போத்தில் பெற்றோலுக்காக இந்தப் பிள்ளையைத் தண்டிக்கப் போகினம்."

அன்ரனெற் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். எல்லோரையும் இருக்கச் சொன்னாள்.

"ஈயப் பெற்றோல் எரிஞ்சா குழாயிலை சாம்பல் படியும். புதுக் குழாயிலை கரிதான் இருக்கு. பிரியந்தன் ஓடினது சுத்தமான பெற்றோலிலை. ஈயம் வந்தது ஓட்டம் முடிஞ்ச பிறகு."

"அதைத்தானே நானும் சொல்லுறன், மச்சாள்," என்றான் சீமோன். "றொன்..."

"றொன் மேடையிலை நிண்டவன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஈயம் இருக்கு எண்டு மட்டும்தான் அதிகாரி சொன்னவர். எவ்வளவு எண்டு அவருக்கே தெரியாது. நீங்கள் எல்லாரும் தாங்கி முழுக்க அதுதான் எண்டு நினைச்சியள். ஒரு போத்தில் எண்டு சொன்னது கோணேஸ்வரி அக்கா மட்டும்தான்."

பாக்கியராசா தங்கையைப் பார்த்தார்.

"ஓம், நான்தான்," என்றாள். "அந்த எஞ்சின் ஓடேக்கை அவர் பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கும். வேறை எங்கை போய் நான் அவரின்ரை சத்தத்தைக் கேக்கிறது? சோதனை பிழைச்சா எல்லாம் பழையபடி ஆகும் எண்டு நினைச்சன். இந்தப் பிள்ளையிலை பழி விழும் எண்டு நினைக்கேல்லை."

பாக்கியராசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரியந்தன்தான் எழுந்து போய் அவளருகில் இருந்தான்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கோணேஸ்வரி தானே போய் நடந்ததைச் சொன்னாள். வெற்றி பிரியந்தனுக்குத் திரும்பக் கிடைத்தது. விதியும் மாறியது.

அடுத்த மே மாதம், முதல் பந்தயத்துக்கு வரமாட்டேன் என்றுதான் அவள் இருந்தாள். பிரியந்தன் இரண்டுமுறை போன் பண்ணியபின் சீமோனின் டாக்ஸியில் வந்தாள். சிறிய எஞ்சின்கள் ஒரே மெல்லிய குரலில் இரைந்துகொண்டு கடந்தன. அவள் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திரும்பிப் போவோமா என்று சீமோன் தயங்கிக் கேட்டான்.

"அவர் இருந்திருந்தா, உந்த முத்திரையை உடைச்சு உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாத்திருப்பார்," என்றாள் கோணேஸ்வரி. சொல்லும்போது சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பிரியந்தனின் கார் வளைவில் மறைந்துவிட்டிருந்தது. அது மறுபடி வெளிவரும் பக்கத்தையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.