அத்தை வீட்டு உச்சி

"அங்க கால வைக்காதீங்க... பைப் ஒட்டு இன்னும் காயல."

குரல் தரைக்குள்ளிருந்து வந்தது. தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். கேட்டை ஒட்டி இடுப்பளவு பள்ளம்... அதற்குள் ஒருவன். கையில் பிளாஸ்டிக் குழாய், கன்னத்தில் சேறு, சட்டையில் சேறு, காதில்கூடச் சேறு. நிமிர்ந்து பார்த்த கண்கள் இரண்டும் மட்டும் எப்படித்தான் தப்பித்தனவோ, பளிச்சென்று இருந்தன.

அவனும் பார்த்தான். முதுகில் ஆளுயரப் பை, கணுக்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ், கையில் ஊன்றுகோல், இடுப்பில் சுருட்டிக் கட்டிய கயிறு... பனிமலைக்குப் போக வேண்டியவள் வழி தவறி ஒரு பிளம்பர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

"இந்த மாநிலத்தோட உச்சிக்குப் போகணும். எந்தப் பக்கம் ஏறணும்?"

"ஏறிட்டீங்களே."

"எங்க ஏறினேன்? பஸ்ஸ விட்டு இறங்கினேன், நேரா நடந்து வந்தேன்."

"வழியில மூச்சு வாங்கிச்சா?"

"இல்லையே."

"யாருக்கும் வாங்காது. எங்க மலை அப்படி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் இடுப்பு ஒடிய வந்தவள், முன்பின் தெரியாத ஒருத்தன் கேலிக்கு உடனே சிரித்தால் கௌரவம் என்னாவது... உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

ஊரில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, "மேல் வரி தெரியுதா... கீழ் வரி தெரியுதா" என்று கேட்டுக் கேட்டுப் பவர் பார்ப்பது. லீவு கிடைத்தால் போதும், பையைத் தூக்கிவிடுவாள். ஒவ்வொரு மாநிலத்திலும் எது உயரமான இடமோ அங்கே போய் நின்றுவிட்டு வர வேண்டும். அதுதான் அவளுடைய பைத்தியம். பனியில் விரல் விறைத்து அழுதிருக்கிறாள், அட்டை கடித்து ஆடியிருக்கிறாள். எல்லா மாநிலமும் முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. மேசை மாதிரி தட்டையான மாநிலம், அதில் லேசாகப் புடைத்த ஒரு மேடு, மேட்டின் மேல் இரண்டு வீடு. ஓடியா போகப்போகிறது என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

அவன் பள்ளத்திலிருந்து ஏறி வந்து கை கழுவிக்கொண்டான். கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினான். 'மாநிலத்தின் உச்சி இங்கே' என்று நீலப் பெயிண்டில் யாரோ பெருமையும் பிழையில்லாத கையெழுத்துமாக எழுதியிருந்தார்கள்.

"எங்கப்பா எழுதினது. மழைக்கு முன்னாடி ஒரு கோட், மழைக்கு அப்புறம் ஒரு கோட் அடிச்சுடுவாரு. உள்ள வாங்க... அந்தா, மரத்தடியில ஒரு கல்லு தெரியுதே, அதான் உச்சி. நிலம் அளக்கிறவங்க வந்து நட்டது. ஏறி நின்னுட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

"நின்னுட்டா அவ்வளவுதான். அப்புறம் அந்த இடத்துக்கு நான் திரும்பி வரவே மாட்டேன்."

"ஏன், மலை கோச்சுக்குமா?"

"அடுத்தது காத்திட்டு இருக்குமே."

"இதுக்கு அடுத்தது?"

அவள் சற்று யோசித்தாள். "இல்ல... இதான் கடைசி."

அதைக் கேட்டு அவனுக்கு ஏன் ஒரு மாதிரி ஆயிற்று என்று அவனுக்கே விளங்கவில்லை. வந்து இன்னும் தண்ணீர்கூடக் குடிக்காத பெண். அவள் வந்தால் என்ன, வராவிட்டால் இவனுக்கு என்ன...

அவளோ கல்லின் மேல் ஏறாமல் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு நீண்ட கண்ணாடி மாதிரியான டியூப் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் பிளம்பரின் முகம் மாறியது.

"இது எதுக்கு..."

"கல்ல நம்பி ஏறக் கூடாது. நான் ஒரு தடவ ஏமாந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி குடுங்க, இந்த முனையப் பிடிச்சுக்கிட்டுக் கல்லுகிட்ட நில்லுங்க."

மாட்டிக்கொண்டான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே வித்தைதான். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். தரை உயர்ந்த பக்கம் தண்ணீர் காலுக்குக் கிட்டே வரும். இந்தக் கையில் ஒரு முனை, அந்தக் கையில் ஒரு முனை, நடுவில் தண்ணீர்... அவன் பார்வை தன் முனையில் நிற்கவில்லை. தண்ணீரைப் பார்க்கச் சொன்னால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பக்கம் எங்க நிக்குது?"

"இடுப்புல."

அவள் நகர்ந்தாள். செடிகளின் பக்கம், கோழிக்கூண்டின் பக்கம்... வீட்டின் பின்னால் இருந்த கம்பிவேலி வரைக்கும் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. அதன் கொல்லையில் பூமியைப் பிளந்துகொண்டு தானாக எழும்பிய ஒரு பாறை, துவைத்துத் துவைத்து வழுவழுத்துப் போயிருந்தது. அதன் மேல் ஒரு சோப்புத் துண்டு. அவள் வேலியின் இடைவெளியில் கையை நீட்டி முனையைப் பாறையருகே பிடித்தாள்.

"இங்க முட்டிக்கு வந்துடுச்சு," என்றாள். "உச்சி கல்லுகிட்ட இல்ல. இந்தத் துவைக்கிற பாறைதான்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக.

அவன் டியூபை விரலால் தடவினான். "அது எங்க அத்தை வீடு. அப்பாவோட தங்கச்சி. அவங்க துவைக்கிற தண்ணி போறதுக்கு நான்தான் பைப் போட்டேன். தண்ணி ஓடுற வாட்டம் பார்க்காம யாராவது பைப் போடுவாங்களா..."

"அப்புறம் ஏன் அந்தக் கல்லக் காட்டினீங்க?"

"பாகம் பிரிச்சப்போ ரெண்டு பேருமே கல்லு இருக்கிற பக்கம்தான் வேணும்னு நின்னாங்க. அப்பா விட்டுக் குடுக்கல. அன்னிக்கு நின்ன பேச்சு இன்னும் ஆரம்பிக்கல. இப்ப உச்சி அந்தப் பக்கம்னு சொன்னா..." அவன் முடிக்கவில்லை.

முடிக்க நேரமும் இல்லை. அப்பா தட்டில் டீயோடு வந்துவிட்டார். தோளில் கேமரா. உச்சிக்கு யார் வந்தாலும் அவர் கையால் ஒரு டீ, ஒரு போட்டோ... அது அவர் வைத்த சட்டம்.

"வாம்மா வா. பையக் கழட்டி வச்சுட்டுக் கல்லு மேல ஏறு. லேசா சிரி. வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்."

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். எப்படிச் சொல்வது... சொல்லாமல் ஏறி நின்று சிரித்துவிட்டுப் போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் இத்தனை மலையையும் ஏமாற்றாமல் ஏறிவிட்டு, கடைசியில் ஒரு மேட்டில் போய் ஏமாற்றுவதா...

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உயரம் இங்க இல்ல. அந்தத் துவைக்கிற பாறை பக்கம் இருக்கு."

அப்பாவின் முகம் சிவந்தது. "எத்தனையோ பேர் வந்துட்டுப் போயிருக்காங்கம்மா. ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல." மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, நீ பைப் வேலை பார்க்கிறவன்தானே. நீயே சொல்லு. உச்சி எங்க இருக்கு?"

அப்பா பார்த்தார். அவள் பார்த்தாள். அவன் தன் காலடியைப் பார்த்தான்.

"கல்லுகிட்டதான்ப்பா..."

அவள் டியூபைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "டீ நல்லா இருந்துச்சுங்க," என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். கேட்டைத் தாண்டும்போது மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்... அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அவள் போன சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிடித்தால் விடாத மழை. ஓட்டில் தடதடத்து, கேட்டில் தொங்கிய பலகையில் வழிந்து, உலகத்தையே வெள்ளைத் திரை போட்டு மூடிவிட்டது. அப்பாவும் மகனும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டுப் பாறையில் விழுந்த மழை வேலிக்கடியில் நுழைந்து இந்தப் பக்கம் ஓடி வந்தது. வந்து மரத்தடியில் கூடியது. கூடிக் கூடி... மாநிலத்தின் உச்சி பாதி வரைக்கும் தண்ணீரில் முழுகி நின்றது.

"அப்பா," என்றான் அவன். "உச்சியில தண்ணி தேங்குமா?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்ப்பா. எனக்கு முன்னாடியே தெரியும். உங்க மனசு நோகும்னு அவங்களப் பொய்க்காரி ஆக்கிட்டேன். நான் பண்ணினது தப்பு... போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

குடையை எடுத்தவனின் சட்டையைப் பெரியவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் தெரியும்டா."

"என்னப்பா சொல்றீங்க?"

"அளக்கிறவங்க கூடக் கல்லு சுமக்கப் போனவனே நான்தான். பாறைகிட்ட நடச் சொன்னாங்க. மரத்தடிக்கு வர்றதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவங்க சாப்பிடப் போன நேரத்துல இங்கயே நட்டுட்டேன். வந்தவங்களும் சரி போ, நிழலா இருக்குன்னுட்டாங்க." மழையைப் பார்த்தபடியே சொன்னார். "உன் அத்தைகிட்ட எப்படிடா சொல்றது..."

"நீங்க வேலியத் தாண்டிப் போய்ச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். குடை பேருக்குத்தான்... முழுக்க நனைந்துவிட்டான். தகரக் கூரைக்குக் கீழே அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் வரலையா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்... போயிடுச்சு."

அவன் அவளுடைய பூட்ஸைப் பார்த்தான். இரண்டு லேஸும் அவிழ்ந்துதான் கிடந்தன.

"பொய் சொல்லிட்டேன்," என்றான். "உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல முடியல. அதான் தரையப் பார்த்துச் சொன்னேன். அப்பாகிட்ட இப்ப நிஜத்தச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"நீங்க தரையப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். "நாள் முழுக்கக் கண்ணப் பார்க்கிறதுதானே எனக்கு வேலை."

எத்தனையோ கண்களுக்குள் விளக்கடித்துப் பார்த்தவள்தான். ஆனால் மழை சொட்டச் சொட்டத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த இந்த இரண்டு கண்களிடம் மேல் வரி படி, கீழ் வரி படி என்று சொல்லத் தோன்றவில்லை. படித்தது அவள்தான். படித்தது பிடித்தும் இருந்தது. சட்டென்று குனிந்து லேஸைக் கட்ட ஆரம்பித்தாள்.

ஒரே குடையில் இருவரும் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அத்தை வீட்டுக் கொல்லையில் சத்தம் கேட்டது. சண்டைதான். ஆனால் எத்தனை வருஷம் கழித்து வந்த சண்டை...

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே வாயத் திறக்காம இருந்தியாண்ணே?"

"நீதான் என்கூடப் பேசலையே. எப்படிச் சொல்றது?"

"பலகை எழுதத் தெரிஞ்சுச்சுல்ல, அதுல எழுதியிருக்கலாம்ல."

வேலியில் ஒரு கம்பியை வளைத்து நுழைந்து, அப்பா அந்தப் பக்கம் நின்றிருந்தார். சட்டை கிழிந்திருந்தது. அதைப் பற்றிய கவலையே இல்லாமல் தங்கை கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை இவர்களைக் கண்டதும் சோப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீதானாம்மா அந்தப் பொண்ணு? வா, ஏறு. இத்தனை நாளா உச்சியில உட்கார்ந்துக்கிட்டு என் மருமகன் அழுக்குச் சட்டையெல்லாம் துவைச்சிருக்கேன். அவன் ஒரு வார்த்தை சொன்னானா பாரு."

அப்பா கேமராவைத் தூக்கினார். அவள் பாறையருகே போனாள். ஒரு காலைத் தூக்கினாள்... அப்படியே நின்றாள். வந்ததும் பள்ளத்தருகே நின்ற மாதிரியே. பிறகு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னாச்சு?" அவன் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான். "வழுக்குதா?"

"இல்ல... இன்னிக்கு வேண்டாம். இன்னொரு நாள் வந்து ஏறிக்கிறேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"ஏறிட்டா முடிஞ்சுடும்ல," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியிருந்தது. "அப்புறம் இங்க திரும்பி வர எனக்கு ஒரு காரணமும் இருக்காது."

அவனுக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் புரிந்தது. புரிந்ததும் காதெல்லாம் சூடேறிவிட்டது. அப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறாள்... இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டாவது தடவை தரையைப் பார்த்துப் பேச அவன் தயாராக இல்லை. நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான்.

"நீங்க ஏறுங்க. பாதியில விட்டுட்டுப் போக வேண்டாம். திரும்பி வர்றதுக்குக் காரணம் வேணும்னா... நான் இருக்கேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. பள்ளத்துல இருந்து பார்த்தப்பவே பிடிச்சிருச்சு. காரணம் போதுமா?"

அவள் பாறையில் ஏறினாள். ஈரப் பாறை, சோப்பு வழுக்கல்... ஏறியவள் தடுமாறுகிற சாக்கில் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் இழுத்தாள். அந்தப் பாறையில் இரண்டு பேர் நிற்க வேண்டுமென்றால் ஒட்டித்தான் நிற்க முடியும்.

"போதும்," என்றாள் அவன் காதருகே. "அடுத்த லீவுக்கு வந்துடுவேன்."

"லேசா சிரிங்க," என்று அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். சொல்லியிருக்கவே தேவையில்லை.