முழங்கால் உயரம்

எறும்புகள் வரிசை கலையாமல் செத்துக் கிடந்தன. சமையலறை வாசலிலிருந்து தையல் மெஷின் வரைக்கும், சுவரோரமாக, ஒன்றன்பின் ஒன்றாக. மருந்து எதுவும் தெளிக்கவில்லையே என்று யோசித்தபடி அவள் நீளத் துடைப்பத்தால் நின்றுகொண்டே அவற்றை ஒதுக்கினாள். கணவன் படுத்திருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் நேற்றைய சண்டைக்குப் பிறகு, முதலில் வாய் திறப்பது யார் என்பதில் இருவருக்குமே வீம்பு.

சண்டை இந்த வீட்டைப் பற்றித்தான். ஊருக்குப் பின்னால் எரிமலை புகையத் தொடங்கியதிலிருந்து, தெருவில் ஓடிய வெடிப்பு ஒன்று இவர்கள் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துத் தரையையும் கீறியிருந்தது. பூமிக்கடியில் இரண்டு பெரும் பாறைத் தட்டுகள் உரசுகிற இடத்தின்மேல் ஊர் இருக்கிறது, உடனே காலி செய்யுங்கள் என்று மைக் கட்டிய வண்டி சொல்லிவிட்டுப் போனது. அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று இவள் மூட்டை கட்டினாள். கொத்தனாரான அவனோ சிமென்ட் குழைத்து வெடிப்பைப் பூசினான். ஒரு வாரமாகக் குடலைப் பிடுங்கிய அழுகிய முட்டை வாடை மறுநாளே நின்றுபோனது. அதற்கப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“பாத்தியா, வாடை போயிடுச்சு. உன் பயம்தான் போகல. இந்தத் தரைச் சூடு என் முதுகுவலிக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா?”

இன்று மதியம் வீடு ஒருமுறை குலுங்கியது. நிலை கோணிப்போன வாசற்கதவை அவன் கோபத்தோடு தோளால் இடித்துச் சாத்தினான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறுந்தரையில் படுத்தவன்தான், அப்புறம் திரும்பவே இல்லை. கிடக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. கரண்ட் இல்லை. அந்நேரத்துக்குத் தெருவையே இரண்டாக்கும் நாய்கள் குரைக்கவில்லை, எதிர்வீட்டில் பாத்திரம் உருளவில்லை, சுவருக்குள் எங்கோ செங்கல் நெரிகிற ஓசை மட்டும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவனிடமிருந்து வருவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டது. மூலைக் கட்டிலில் மகள் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் மெழுகுவத்தி ஏற்றி, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, பாப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். ஊசி நழுவி விழுந்தது. தேடுவதற்காக மெழுகுவத்தியைக் கீழே இறக்கினாள்.

அணைந்தது.

காற்றாக இருக்கும். மறுபடி ஏற்றி, கையால் மறைத்துக்கொண்டு இறக்கினாள். முழங்காலுக்கு நேரே வந்ததும் சுடர் சுருங்கி, திரியைவிட்டுக் கழன்று அணைந்தது. மூன்றாவது முறையும் அதே இடம்தான். சன்னலில் மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் பார்த்தாள்; திரியின் புகை மேலே எழவில்லை. பாலின்மேல் ஆடை கட்டுவதுபோல், முழங்கால் உயரத்தில் கூடம் முழுக்கத் தட்டையாகப் படர்ந்தது.

அதற்குக் கீழே அவன் முதுகு தெரிந்தது.

“ஏங்க.”

ஸ்டூலிலிருந்து இறங்கி அவனருகே போனாள்.

“நானே முதல்ல பேசிட்டேன். போதுமா? எழுந்திரிங்க.”

குனிந்து தோளைத் தொட்டாள். சோடா மூக்கில் ஏறியதுபோல் சுரீரென்று எரிந்தது. தலை கிறுகிறுத்தது. மெஷினைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். உடம்பு சூடாகத்தானே இருந்தது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகு புரிந்தது. அது தரையின் சூடு. மதியம் முழுக்க யாரை முறைத்துக்கொண்டிருந்தோம்?

“அம்மா, நான் அப்பாகிட்டப் போய்ப் படுத்துக்கறேன்.”

பாப்பா விழித்திருந்தாள். கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருந்தாள்.

பாய்ந்து தூக்கினாள். கதவு. இழுத்தாள். உதைத்தாள். நிலை கவ்விக்கொண்டிருந்தது. சன்னல். கம்பிகள். வெளியே பார்த்துக் கத்தினாள். நடுத்தெருவில் நாய்கள் படுத்திருந்தன. எதிர்வீட்டுக்காரர் தன் வாசற்படியில் உட்கார்ந்தபடியே சரிந்திருந்தார். யாரும் திரும்பவில்லை.

பின்னால் சிமென்ட் பூச்சு விரிந்தது. ஸ்ஸ் என்று வாயு பீறிடும் சத்தம். நிற்காத சத்தம்.

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு தையல் மெஷின் மேசைமேல் ஏறினாள். பாப்பாவைத் தோளில் உட்காரவைத்தாள். புகையாடை மெத்தையை மூடியது. மெஷினின் சக்கரத்தை மூடியது. அவள் பாதங்களை மூடியது.

“இத இறுக்கிப் பிடிச்சுக்கோ, தங்கம். ஊதிடாத.”

“சரிம்மா.”

மெழுகுவத்தியோடு குழந்தையின் கை அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. கன்னத்தில் சுடரின் சூடு. அது இருக்கும்வரை போதும். இருந்தது. குறைந்தது. சுடர் சிறுத்தது. நீலமானது.

அணைந்தது.

“நான் ஊதலம்மா,” என்றாள் பாப்பா, அவள் தலைக்கு மேலிருந்து.