போர்வை விழுங்கிய குரல்

அறிவிப்பாளர் அறையின் நடுவில் நின்று கைதட்டினார். எதிரொலி வரவில்லை. அதற்காகத்தான் ஒரு வாரமாகப் பாடுபட்டார். ஆனால் தட்டிய சத்தமும் வரவில்லை. உள்ளங்கை மட்டும் சிவந்து காந்தியது.

அறிவிப்பாளர் என்றதும் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். தொலைபேசியில் நம்மைக் காத்திருக்கச் சொல்லும் குரல் அவருடையது. இத்தனை பேரைக் காக்க வைத்த பெருமையில், வீட்டில் துண்டு கேட்பதைக்கூட நிறுத்தி நிதானமாக அறிவிப்பார். ஒலிப்புத்தகக் கம்பெனியோ அவருடைய குரல் மாதிரியை இருமுறை திருப்பியிருந்தது: "குரல் பரவாயில்லை சார், ரூம்தான் கிணறு மாதிரி இருக்கு." மூன்றாவது மாதிரி இன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். இனி வாய்ப்பில்லை.

எதிரொலியை அடக்க, முதலில் சுவரில் முட்டை அட்டை ஒட்டினார். அறை முட்டைக்கடை ஆனதுதான் மிச்சம். மெல்லிய ஸ்பாஞ்சு கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டு, அவருடைய கம்பீரமான அடிக்குரலைச் சுவரிலேயே முட்டவிட்டது. கடைசியில், சுவரில் ஆறு மரச்சட்டங்கள், ஒவ்வொன்றிலும் கனமான போர்வை என்று முடிவாகி, பழைய சாமான் கடைக்குப் போனார்.

"நல்ல சரக்கான்னு வாயை வச்சு ஊதிப் பார்க்கணும்ப்பா. மூச்சு உள்ளே திணறித்திணறிப் போகணும்," என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்து, ஒரு சாம்பல் நிறப் போர்வையில் வாய் பதித்து ஊதினார். மூச்சு மெதுவாக உள்ளே போனது. வாயை எடுப்பதற்குள், வெதுவெதுப்பாக, உதட்டில் திரும்பி வந்தது.

கடைக்காரர் அந்தப் போர்வையைக் கையால் தொடாமல் கழியால் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க சார். திருப்பி மட்டும் கொண்டாராதீங்க."

ஈரச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் அறிவிப்பாளர் சந்தேகப்பட்டார்.

இப்போது, போர்வைகளை மாட்டி முடித்த அறையில், அந்தச் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. பதிவை ஓடவிட்டு வாசித்தார். திரையில் கோடு அசையவில்லை. மைக்கைச் சந்தேகித்தார். வயரைச் சந்தேகித்தார். "ஒரு நாளாவது உங்க சத்தமில்லாம இருக்கணுங்க" என்று நேற்று அலுத்துக்கொண்ட மனைவியைச் சந்தேகித்தார். பிறகு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

தொண்டை அதிர்ந்தது. சத்தம் இல்லை.

அறையில் ஈரக் கம்பளி நாற்றம். பலர் அடைந்து தூங்கிய இடத்தின் நாற்றம். சட்டங்களை எண்ணினார். ஆறு. ஐந்தில் போர்வை. சாம்பல் நிறத்தது இருந்த சட்டம் காலி.

கதவு திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள்.

கூடத்திலிருந்து ஒரு குரல். கம்பீரமாக, நிறுத்தி, நிதானமாக.

"ஏம்மா, மாதிரியை அனுப்பிட்டேன். எடுத்துக்கிட்டாங்க."

அவருடைய குரல்.

"நிஜமாவா? அதான் இன்னிக்குக் குரல் இவ்வளவு குளிர்ச்சியா இருக்கா?" மனைவி சிரித்தாள். இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. "அந்த ரூம்ல இன்னும் வேலை இருக்குங்களா?"

"இல்லம்மா. பூட்டியே இருக்கட்டும்."

கதவில் மோதினார். தோளால். தலையால். எதுவும் கேட்கவில்லை.

சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார்.

மாலை வெயிலில் மனைவி நின்றிருந்தாள். கண்ணில் பழைய பிரியம். குதிகாலை உயர்த்தி எட்டி, எதிரே நின்றதன் தோளில் சரிந்திருந்த சாம்பல் நிற மடிப்பை மெல்ல நீவிச் சரிசெய்தாள்.