உள்ளே இருவர்

விடுமுறை நாள். அலுவலகத்தின் நிலவறையில் தனி ஆளாக அவர்தான் இருந்தார். வருகையைப் பதியும் பழைய கணினியோ ‘உள்ளே: 2’ என்றது.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் சிரித்துக்கொண்டார். பதினோரு வயதுக் கணினி. புதிய மென்பொருளைத் தாங்கும் தெம்பில்லை. செய்த கம்பெனியும் கைகழுவிவிட்டது. தன் முழங்கால் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். கதவுக் கட்டுப்பாட்டையும் வருகைப்பதிவையும் புதிய கணினிக்கு மாற்ற வேண்டும். ஆனால் அவரைத் தவிர உள்ளே எவரும் இல்லை என்று பட்டியல் சொன்னால்தான் மாற்றம் நடக்கும்.

மேசைத் தொலைபேசி அடித்தது. மனைவி.

“நாலு மணிக்கு வந்துருவீங்கள்ல? பாப்பா இப்பவே ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா.”

“வந்துருவேம்மா. இந்தக் கிழவனுக்குக் கண்ணை மூடிவிட்டுட்டு வர்றேன்.”

“யாரு கிழவன், நீங்களா?”

சிரித்தபடியே இரண்டாவது பதிவைத் திறந்தார். அவருக்கு முன்பு இதே வேலையைப் பார்த்தவர். புகைப்படத்தில், தனக்கு வாய்க்காத அடர்ந்த மீசை, நடுவில் பிளந்த புருவம். ஒன்பது வருடத்துக்கு முன், இதேபோல் ஒரு விடுமுறை நாளில், மென்பொருள் மாற்ற வந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று அலுவலகமே திட்டித் தீர்த்தது. போகும்போது கதவருகே விரல்ரேகை வைக்க மறந்துவிட்டார் போல, பாவம்.

தாமதமாக வருகிறவர்களுக்கெல்லாம் தன் விரலை வைத்துக் காப்பாற்றும் தயாள குணம் சிஸ்டம்காரருக்கு உண்டு. நிர்வாகியான அவர் கணினியில் விரல் வைத்தால், யார் பதிவும் முடிந்துவிடும். வைத்தார்.

கணினிக்குள் விசிறி இரைந்து இரைந்து மெல்ல அடங்க, சூடேறிய தூசியின் வாடையோடு நெடுநாள் துவைக்காத சட்டையின் நெடியும் கலந்து வர, அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, அவர் முதுகை உரசுவதுபோல் கடந்து, கதவுவரை போனார்கள்.

டக்.

கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

உள்ளே: 1.

வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். விரலை வைத்தார். ‘நீங்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டீர்கள்.’ சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். அதே வரி. கைபேசியில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டினார். குத்தினார். கத்தினார். மணி நான்கைத் தாண்டியது.

மேசைத் தொலைபேசி. வீட்டு எண்ணை அழுத்தினார்.

“நான்தாம்மா. கதவு திறக்கல. செக்யூரிட்டிக்கு ஒரு போன்—”

“யாருங்க நீங்க? யார் வேணும் உங்களுக்கு?”

“என்னம்மா இது, விளையாடுற நேரமா?” அந்தக் கரகரப்பு தன் குரலில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

மறுமுனையில் மகள் கலகலவென்று சிரித்தாள். அவளருகே இன்னொரு குரல். அவருடைய குரல்.

“யாரும்மா போன்ல? கிழவனா?”

இணைப்பு அறுந்தது.

திரையில் இன்னமும் அந்தப் புகைப்படம். மீசை. பிளந்த புருவம். உள்ளே: 1.

ஒயரைப் பிடுங்கினார். திரை கறுத்தது. கறுப்பில் ஒரு முகம் தெரிந்தது.

விரலால் மேலுதட்டைத் தொட்டார்.

அடர்த்தியாக இருந்தது.