ரேணுகாம்பாளின் தையல்

அடி அண்ணாமலையிலிருந்து இரண்டாந்தாரமாக வந்து, வேங்கிக்கால் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த ரேவதி, அன்று சாயங்காலமே பீரோவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். பூச்சி உருண்டை நெடி. புருஷன் சுப்பிரமணியின் சட்டை ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூலில் தைத்த ஒட்டு. தலையணை உறையிலும் ஒட்டு. எல்லாம் போன வருஷம் செத்துப்போன மூத்தவள் ரேணுகாம்பாளின் கைவேலை.

“ஆபீஸ்ல உத்தியோகம், வீட்ல கந்தல் மூட்டை. வெக்கமா இல்லீங்களா?”

“அவ எதையும் தூக்கிப் போட மாட்டா,” என்றான் சுப்பிரமணி. மூத்தவளிடம் வாய் திறக்காத வாயில்லாப் பூச்சி, இவளிடமா திறக்கப்போகிறது?

மறுநாளே எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றினாள் ரேவதி. இனி இது அவள் வீடு, அவன் அவள் புருஷன். செத்தவளுக்கு இதில் ஒரு நூல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. டவுனுக்குப் போய்ப் புதுச் சட்டைகள் வாங்கி அடுக்கினாள்.

அதில் ஒன்று சீக்கிரமே அக்குளில் கிழிந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே கொடியில் போட்டாள். மத்தியானம் எடுக்கப் போனால் கிழிசலைக் காணோம். பொடிப்பொடியாக மஞ்சள் நூல் தையல் ஓடியிருந்தது.

“யாருங்க தைச்சது?”

“நீதானே?” என்றான் சுப்பிரமணி. அவன் முகத்தில் என்றுமில்லாத நிம்மதி.

ரேவதிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. தெரியாததில் பெருமை வேறு. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆபீசுக்குக் கிளம்பியதும் பிளேடை எடுத்தாள்.

“செத்தும் அடங்காத கஞ்சப் பிசினாறி,” என்று தையலை அறுத்தாள். பிளேடு வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது.

ரத்தம் வரவில்லை.

பக்கத்து வீட்டு மிக்சிச் சத்தம் நின்றுபோனது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பூச்சி உருண்டை நெடி மூச்சை அடைத்தது.

யாரோ பல்லால் நூலைக் கடித்தார்கள். அவள் காதுக்குப் பக்கத்தில்.

உள்ளங்கைத் தோலில் மஞ்சள் நூல் உள்ளே போய் வெளியே வந்தது. வலிக்கவே இல்லை. கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடுகள் பிரியவில்லை.

தோளிலிருந்து எதுவோ உள்ளே இறங்கியது. ரவிக்கைக்குள் கை நுழைக்கிற மாதிரி, முழங்கை, மணிக்கட்டு, பிறகு ஒவ்வொரு விரலாக.

“துணி மட்டம்தான்,” என்றது ஒரு குரல், அலுப்பாக. “கை வேற தொளதொளன்னு இருக்கு. பிடிச்சுத் தைச்சா உழைக்கும். தூக்கிப் போட மனசு வரலை.”

சாயங்காலம் சுப்பிரமணி வந்தபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். 

“பட்டன் போயிருக்கே. கழட்டிக் குடுங்க,” என்றாள். 

உள்ளே ரேவதி கத்திக்கொண்டிருந்தாள்.

சுப்பிரமணி சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவள் காதுக்குப் பின்னால் மஞ்சள் நூல் முனை ஒன்று தொங்குவதைப் பார்த்தான். அவள் தலைமுடியை இழுத்துவிட்டு அதை மறைத்தான்.