நாலாம் நாள் வாக்குமூலம்

"தண்ணிய எடுங்க... அப்பால கொண்டு போங்க சாமி..."

தீர்த்தகிரி அலறினான். காலால் உதைத்த சொம்பு உருண்டது. கட்டிலோடு கட்டிய கயிறு மணிக்கட்டை அறுத்தது.

1937. மல்லசமுத்திரம் தர்ம ஆஸ்பத்திரி. உச்சி வெயில்.

நாலு நாள் முன்பு, சந்தையில் ஒரு வெறிநாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. நாயை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். இன்று காலை தண்ணீரைக் கண்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

போன வருஷம் அவன் மாமன் இப்படித்தான் செத்தார். கண்ணெதிரே.

டாக்டர் குமாரசாமி குனிந்து, அவன் முகத்துக்கு நேரே ஓலை விசிறியை நாலு வீசு வீசினார்.

"எத்தன நாளுங்க எனக்கு?"

டாக்டர் விசிறிக்கொண்டே இருந்தார்.

அவனுக்கு அதுவே பதில்...

"மாஜிஸ்திரேட்டக் கூப்புடுங்க. சொல்லீட்டுச் சாவறேன். பச்சமுத்துவக் கொன்னது சின்னண்ணன் இல்லீங்க."

விசிறி நின்றது.

பச்சமுத்து கொலைக்காகச் சேலம் ஜெயிலில் கிடந்த ஊர்க்காரன் சின்னண்ணனுக்கு வெள்ளிக்கிழமை தூக்கு. இன்று புதன்.

திருச்செங்கோட்டிலிருந்து மாஜிஸ்திரேட் வந்து சேர மணி நாலு.

"நாந்தானுங்க. வாய்க்காத் தகராறு. கடப்பாரையில மண்டைல ஒரே போடு... அப்பறம் கெணத்துல தள்ளீட்டேன். கடப்பாரை எங்கூட்டு எருக்குழில கெடக்குது. சின்னண்ணன் பொண்டாட்டி மாரக்கா எங்கால்ல உழுந்து அழுதா. எனக்கொண்ணும் தெரியாதுன்னுட்டேன்."

"யாராவது மிரட்டிச் சொல்ல வச்சாங்களா?"

"சாவறவன ஆருங்க மெரட்டுவாங்க?"

எழுதினார். ரேகை வாங்கினார். சேலத்துக்குத் தந்தி அடிக்க விரைந்தார். வாசலில் போலீஸ் நின்றது.

தீர்த்தகிரி கண்ணை மூடினான். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிவிட்டது. தொண்டையும் எப்படியோ தளர்ந்தது...

"சாமி... தண்ணி."

டாக்டர் கொடுத்தார். மடமடவென்று குடித்தான்.

குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"என்னுங்க இது... எறங்கீருச்சு?"

"பயம். மாமன் செத்ததப் பாத்த பயம். அந்தக் கிருமி கால்லேர்ந்து நரம்பு வழியா மூளைக்கு ஏறோணும். வாரக்கணக்காகும். உனக்கு நாலே நாள். நெசமாவே வந்திருந்தா விசிறிக் காத்துக்கே தொண்டை இழுத்திருக்கும்."

"அப்பறம்... சாவறேன்னு..."

"நான் எப்பச் சொன்னேன்?"

தீர்த்தகிரி வாசலில் நின்ற போலீஸைப் பார்த்தான்.

டாக்டர் குன்னூரிலிருந்து வந்திருந்த மருந்துக் குப்பியை உடைத்தார். "கிருமி மேல ஏர்றதுக்குள்ள தடுத்துரலாம். வயித்துல பதினாலு ஊசி."

"அப்ப நாம் பொழச்சுக்குவனுங்களா?"

டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நாய்கிட்ட இருந்து."