பூட்டிய வார்டு கேட்ட இரண்டு பை

மருத்துவமனையின் அடித்தளத்துக்குப் படியிறங்கியபோது மதியம் இரண்டரை மணி. கணினியில் ஏதோ கோளாறு பார்க்கும் அரை மணி நேர வேலைதான், முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தாள் புரோகிராமர். ரத்த வங்கியின் கதவைத் திறந்ததும் பசி போய்விட்டது. மருந்து நெடிக்கு அடியில் ஈரத் துரு வாடை.

உள்ளே ஒரே ஆள், காப்பாளர். ஐம்பது வயது இருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் எண்ணையும் ரத்தப் பிரிவையும் பார்த்து, '3117' என்று பதிவேட்டில் எழுதினார்.

"உங்களுக்கும் ஓ பாசிட்டிவா மேடம்? அதைக் கேட்டுத்தான் தினமும் கோரிக்கை வருது. மூணு பத்துக்கு. ஓ பாசிட்டிவ், ரெண்டு பை. பழைய பிரசவ வார்டுலேர்ந்து."

"வந்தா என்ன?"

"அந்த வார்டைப் பூட்டி ரெண்டு மாசம் ஆச்சு. கம்ப்யூட்டரையும் கழட்டியாச்சு."

"பேய்கூட இப்ப ஆன்லைன்லதான் கேக்குதா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அங்க ஒரு பொண்ணுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கலை. நர்ஸம்மா மேலே திரையில தேடுனாங்க. இருப்பு இல்லைன்னு வந்துச்சு. வேற ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டா. இங்க ஒம்பது பை இருந்துச்சு மேடம். நான் பதிவு பண்ணலைன்னு பழியைத் தூக்கி என் தலையில போட்டாங்க. அதுலேர்ந்து எல்லா வார்டும் போன்லதான் கேக்குது. என் மகளே என்கூடப் பேசறதில்லை."

அவள் அந்த நாளின் பதிவைத் திறந்தாள். காப்பாளர் ஒன்பது பையையும் ஒழுங்காக ஏற்றியிருந்தார். கீழே நர்ஸின் தேடல், மணி மூன்று பத்து, வலை முகவரியாக. கேள்விக்குறி, அதற்குப் பின்னால் O+.

கூட்டல் குறியை அப்படியே அனுப்பினால் சர்வர் அதை வெற்றிடமாகப் படிக்கும். %2B என்று மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். மாற்றாததால் O என்ற எழுத்தையும் ஒரு வெற்றிடத்தையும் தேடியிருக்கிறது சர்வர். உலகத்தில் அப்படியொரு ரத்தம் கிடையாது.

அந்தப் பக்கத்தை எழுதியவள் அவள்தான். அன்றுதான் அது முதல்முதலாக ஓடியது. அவசரத்தில் நெகட்டிவ் பிரிவை மட்டும் போட்டுச் சோதித்திருந்தாள். கழித்தல் குறிக்கு ஒன்றும் ஆகாது.

சத்தமில்லாமல் அந்த ஒரு வரியைத் திருத்தினாள்.

"தப்பு எங்க மேடம்? என் பேர்ல இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஒருவேளை சிறைகூடக் கிடைக்கும்.

"நீங்கதான் பதிவு பண்ண மறந்திருக்கீங்க," என்றாள்.

அவர் பேனாக்களைச் சரிசெய்துகொண்டார்.

மணி மூன்று பத்து.

குளிர்பெட்டியின் உறுமல் நின்றது.

திரையில் கோரிக்கை வந்தது. O+, இரண்டு பை. இந்த முறை பதிலும் வந்தது.

'இருப்பு உள்ளது. இடம்: அடித்தளக் குளிர்பெட்டி.'

பூட்டிய பெட்டிக்குள் ஏதோ உறிஞ்சும் சத்தம். நிதானமாக, தாகம் தீரத் தீர.

"திறங்க," என்று கிசுகிசுத்தாள்.

உள்ளே ஆறு பைகள். நான்கு நிறைந்திருந்தன. இரண்டு தட்டையாக ஒட்டிக் கிடந்தன. முத்திரை உடையவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"யாரு மேடம் கேக்குறா?"

அவள் படியேறி ஓடினாள்.

காரில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அறிக்கையை அடித்தாள். 'காப்பாளரின் கவனக்குறைவு.' அனுப்பினாள். போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

திரை தானாக மாறியது.

O+, இரண்டு பை. கேட்பது: பிரசவ வார்டு.

'இருப்பு உள்ளது. இடம்: 3117.'

கணினியை மூடக் கை நீட்டினாள். விரல் நுனிகள் ஏற்கெனவே வெளுத்திருந்தன.